கோதாவரி மணலில் நிறுத்திய கார்

மூன்று வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை விடுமுறையில், ஆம்பூரிலிருந்து நாக்பூருக்குக் காரிலேயே கிளம்பினோம். நான், மனைவி, எட்டு வயது மகள். மச்சான் அங்கே வேலையில் இருக்கிறார். ரயிலில் போகச் சொன்னவர்களிடமெல்லாம் சண்டை போட்டுவிட்டுத்தான் காரை எடுத்தேன். பதினைந்து வருடமாக ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வேலூரைத் தாண்டி எதையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது நாட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்ற வெறி.

பார்த்தோம். கர்னூலுக்கு அப்பால் யாரோ அடுக்கி வைத்த மாதிரி பாறைக் குன்றுகள். ஹைதராபாத் தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. மகள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. இரண்டாம் நாள் மதியம் கோதாவரிப் பாலம் வந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மண் பாதை ஆற்றுக்குள் இறங்கியது. நானும் காரை இறக்கினேன். ஒரு வறண்ட பள்ளத்தைக் கடந்து, நடு மணலில், தண்ணீருக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன்.

எங்களுக்கு ஆறு என்றால் பாலாறு. பாலாறு என்றால் மணல். அதில் கிரிக்கெட் ஆடுவோம், வண்டி நிறுத்துவோம். ஓரமாகத் தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுநீர் கறுப்பாக ஓடும், தாண்டிக் குதித்துப் போவோம். எனக்குத் தெரிந்த ஆறு அவ்வளவுதான்.

இங்கே தண்ணீரில் கூழாங்கல் தெரிந்தது. மகள் விளிம்பிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, தொட்டா அரிக்காதா?"

எனக்குச் சுருக்கென்றது. "இது நம்ம ஊரு தண்ணி இல்ல பாப்பா. நல்லா எறங்கு" என்றேன். அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் எங்கேயோ, எங்கள் கம்பெனியில் ஊதுகிற மாதிரி, சங்கு ஊதியது. நீளமாக ஊதியது. நான் வாட்சைப் பார்த்தேன்.

"மூணு மணிக்கு இன்னா ஷிப்ட்டு?"

"இங்கயும் கம்பெனி வந்துட்ச்சா? இந்த ஆத்துக்கும் வந்துச்சு கேடு" என்று மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கரையில் எருமைகளை மேலே ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், எங்களைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினார். கம்பை ஆட்டினார். விரட்டுகிறார் என்று நினைத்தேன்.

"யம்மா, ஆறு இன்னா உங்க அப்பன் வூட்டுதா? போம்மா அந்தாண்ட!"

அந்த அம்மாள் எருமைகளை விட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். ஓடி வந்தார். மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். தரதரவென்று கரையைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடினார். மகள் வீறிட்டாள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பிள்ளை பிடிக்கிறவள் என்றே நினைத்தேன். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே துரத்தினேன். மனைவியும் அலறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். பள்ளத்தில் இறங்கி, ஏறி, கரை மேட்டில் போய்த்தான் பிடித்தேன். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அப்போதும் அந்த அம்மாள் மகளின் கையை விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, கம்பால் என் முதுகுக்குப் பின்னால் காட்டினார்.

திரும்பினேன். ஒரு நிமிடம் முன்பு நாங்கள் ஓடி வந்த பள்ளம் இல்லை. அந்த இடத்தில் செம்மண் நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. கார் நின்ற மணல் தீவாகியிருந்தது. மேலே அணையைத் திறந்திருக்கிறார்கள், அதற்குத்தான் அந்தச் சங்கு. வானத்தில் ஒரு மேகம் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டயர் மறைந்தது, கதவு மறைந்தது. மகளின் ஒற்றைச் செருப்பு மிதந்து போனது. அப்புறம் கார் மெதுவாகத் திரும்பி, ஆற்றோடு போனது.

மனைவி அந்த அம்மாளின் காலில் விழுந்தாள். எனக்கு ஓங்கிய கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எருமைகளை எண்ணிக்கொண்டு போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இன்றும் காலையில் கம்பெனிச் சங்கு ஊதினால், மகள் செய்கிற வேலையை விட்டுவிட்டு ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் அன்று ஓங்கிய கையைப் பார்த்துக்கொள்கிறேன்.