முனியாண்டி கோயில் எச்சில் குழி

எலும்பு பொறுக்க ஆள் தேடுகிறார்கள் என்று செர்டாங் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் சொன்னபோது, யார் செத்துப்போனது என்றுதான் முதலில் கேட்டேன். எங்களுக்கு எலும்பு பொறுக்குவது சுடுகாட்டில் எரித்த மறுநாள் செய்யும் காரியம். கூலி கொடுத்து ஆள் வைத்துப் பொறுக்குவார்களா என்று எனக்கு யோசனை. அப்புறம்தான் விளக்கினார். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து ஓரம், ஆற்றுப் பக்கம், செம்பனை மரங்களைச் சாய்த்த இடத்தில் வரலாற்றுக்கு முந்தைய காலத்து வீடு ஒன்று கிடைத்திருக்கிறதாம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து தோண்டுகிறார்களாம். குலிம் ஃபேக்டரியில் ஆட்குறைப்பு செய்து என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்த சமயம். மறுநாளே போய் நின்றுவிட்டேன்.

வீடு என்றதும் நான் சுவரைத் தேடினேன். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. மிதித்து மிதித்து இறுகிய ஒரு மண் தரை, கம்பு நட்டு மக்கிப்போன இடங்களில் கறுப்பு வட்டங்கள், தீயில் வெந்த களிமண் கட்டிகள், அவ்வளவுதான். கட்டியைக் கழுவினால் ஒரு பக்கம் மூங்கில் பிளாச்சு பதிந்த கோடுகள் தெரியும். அதுதான் சுவர் என்றார், தோண்டும் வேலைக்குத் தலைமை தாங்கிய மலாய்க்கார அம்மா. நாங்கள் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். என் வேலை, அள்ளிக் கொடுக்கிற மண்ணைத் தண்ணீர் ஊற்றிச் சலிப்பது. சுவர்க் கட்டி ஒரு தட்டில், எலும்பு இன்னொரு தட்டில். பன்றித் தாடை, மான் கால், ஆமை ஓடு, மீன் முள். குடியிருந்தவர்கள் தின்றுவிட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே வீசியிருந்தார்கள். சுத்தக்காரர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தின்றதை மறைக்கத் தெரியாத மனுஷர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

மறைக்கத் தெரிந்தவர் ஒருவர் தினமும் வந்தார். தோண்டும் இடத்தை ஒட்டியிருந்த கோயிலின் தலைவர். டவுனில் காடி சாமான் கடை, அதாவது கார் உதிரிபாகக் கடை, வைத்திருக்கிறவர். வெயிலில் நாங்கள் முட்டி போட்டு மண் சுரண்டும்போது, அவர் வெள்ளை வேட்டியில் மேட்டில் நின்று கைத்தொலைபேசியில் தன்னையே படம் பிடிப்பார். முதல் நாள் என்னிடம் சொன்னார்:

"அண்ணே, இது ஆசிரமம். ரிஷிங்க இருந்த எடம். மண்ணப் பாத்தாலே தெரியுது லா."

நான் தட்டிலிருந்து தாடையை எடுத்துக் காட்டினேன். "ரிஷி பன்னி தின்னுருக்காரு தலைவரே."

தொலைபேசி இறங்கியது. மறுநாள் வந்தபோது அந்த வீட்டுக்காரர்கள் காட்டுவாசிகளாகியிருந்தார்கள். "நமக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல," என்றார். ஒரே ராத்திரியில் ரிஷிகளைத் துரத்தி விட்டவர் அவர்.

அந்தக் கோயில் முனியாண்டி கோயில். மரத்தடியில் அரிவாளும் கல்லுமாக நின்ற சாமி. வருஷத்துக்கு ஒரு முறை ஆடு வெட்டு, சுருட்டு, சம்சு சாராயம், தோட்டம் முழுக்கச் சாப்பாடு. பழைய பூசாரியின் சம்சாரம்தான் சமையல். நான் அவரை அக்கா என்பேன். இவர் தலைவரானதும் கோபுரம் வந்தது, டைல்ஸ் வந்தது, சாமிக்குப் புதுப்பெயர் வந்தது. பூசாரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆடு நின்றது. ஆடு வெட்ட வேண்டாம் என்றால் வேண்டாம், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் இவர் இங்கே ஆடு வெட்டியதே கிடையாது என்று மேடையில் சொல்ல ஆரம்பித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதற்கிடையே தோட்டத்து நிலம் விற்பனைக்கு வந்துவிட்டது. ஃபேக்டரி வரப்போகிறது என்றார்கள். தோண்டும் இடத்தைச் சுற்றி டாக்டர் கட்டிய கயிற்றுக்குள் இருப்பது மட்டும் வேலி போட்டுக் காப்பாற்றப்படும், மற்றதெல்லாம் இடிபடும். கோயில் கயிற்றுக்கு வெளியே இருந்தது.

ஒரு நாள் காலை, இறுகிய தரை ஓரிடத்தில் வட்டமாக வெட்டுப்பட்டு, உள்ளே மண் பொலபொலவென்று இருந்தது. பிற்காலத்தில் யாரோ தோண்டிய குழி என்றார் டாக்டர். சாம்பல், உடைந்த மங்குத் தட்டு, சம்சு பாட்டில் ஒன்று, கூடை கூடையாக ஆட்டெலும்பு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விருந்து முடிந்து இலையையும் எலும்பையும் கொட்டுகிற எங்கள் எச்சில் குழி.

டாக்டருக்கும் அது புரியாமல் இல்லை. தலைவரைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார். இந்தக் குழி கோயிலுடையதா, அப்படியென்றால் கோயிலும் இந்த இடத்தின் வரலாறுதான், கயிற்றை அந்தப் பக்கம் நகர்த்திக் கட்டலாம் என்றார். இதைவிட லேசாக ஒரு சாமியைக் காப்பாற்ற யாருக்கும் வாய்ப்புக் கிடைத்திருக்காது.

"புக்கான், டாக்டர்," என்றார் தலைவர். இல்லை. எங்கள் கோயில் ஆதியிலிருந்தே சைவம். அது காட்டாடாக இருக்கும்.

டாக்டர் சம்சு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். தலைவர் வானத்தைப் பார்த்தார். அவர் பல்லையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பல் ஆட்டைக் கடித்ததைப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்திருந்த அக்கா, ஜக்கைக் கீழே வைத்துவிட்டுத் தட்டிலிருந்து ஒரு எலும்பை எடுத்தார்.

"இந்த நல்லியப் பாரு. ரெண்டு பக்கமும் ஒடைச்சு உறிஞ்சிருக்கு. நல்லி வேணும், நல்லி வேணும்னு சட்டிய சுத்தி சுத்தி வந்தது யாரு?"

"அக்கா, சும்மா இருங்க. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்."

"நான் நல்லி போட்டப்ப நீ பெரியவனா இல்லயே தம்பி. பனியன்ல கொழம்பு ஊத்திக்கிட்டு நின்ன."

என்ன பேசுகிறார்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன், பனியன் உட்பட. யார் சமைத்தது என்றார். அக்கா தன் நெஞ்சைத் தொட்டு, "சாயா மாசாக்," என்றார். நான்தான் சமைத்தேன்.

டாக்டர் தலைவரிடம் திரும்பினார். சமைத்தவர் ஆமாம் என்கிறார், கோயில் தலைவர் இல்லை என்கிறீர்கள், நீங்களே மறுத்தால் கயிறு இங்கேயேதான் இருக்கும் என்றார்.

தலைவர் தன் கோபுரத்தைப் பார்த்தார். அதை இடிக்கும் இயந்திரத்தையும் மனசில் பார்த்திருப்பார். இப்போதாவது வாய் திறப்பார் என்று நினைத்தேன். திறந்தார்.

"தோட்டத்து ஆளுங்க வெட்டியிருக்கலாம் டாக்டர். அவங்க அப்படித்தான். நாங்க இல்ல."

இது ரப்பர் தோட்டமாக இருந்தபோது அவர் அப்பாவும் இங்கே பால் வெட்டினவர்தான். காறித் துப்பலாம் என்றிருந்தது. ஆனால் கீழே ஆயிரக்கணக்கான வருஷத்துத் தரை, துப்ப மனம் வரவில்லை. டாக்டருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது; யார் வெட்டினாலும், இங்கே ஆடு வெட்டியது உண்டு என்று தலைவர் வாயாலேயே வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்து, கோயிலைச் சுற்றிக் கொண்டுபோய்க் கட்டச் சொன்னார். கட்டினது நான்தான்.

வேலி வந்தது. கோயில் உள்ளே தப்பித்து நிற்கிறது. தலைவர் தன் முயற்சியால் என்று மாலை போட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா? மாமிசம் உண்டவர்கள் உள்ளே வரக்கூடாது என்று ஒரு பலகை எழுதி, கம்பும் சிமெண்டுமாக லோரியில் கொண்டுவந்தார். வேலிக்குள் ஒரு சாண் குழிகூட யாரும் தோண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைவர் என்னிடம் வந்து, "அண்ணே, சின்னக் குழிதான், நீங்க சொன்னா டாக்டர் கேப்பாங்க," என்றார். கேட்க மாட்டாங்க என்றேன்.

அந்தப் பலகை இன்னும் கோயில் பின்சுவரில், எழுத்து சுவர்ப்பக்கம் திரும்பி, சாய்ந்தபடியே இருக்கிறது. போன வாரம் அக்கா அதன் மேல் ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்.

"நல்லா வெயில் படுது தம்பி, இந்த எடம்," என்றார்.