மறிப்பை உடைக்கிற ஆள்

ஈழத்தமிழர் நிறையக் குடியேறியிருக்கும் வெளிநாட்டுப் புறநகர் மில்லிக்கனில் ஒரு கொத்துரொட்டிக் கடை. என்னைக் கவனிக்க ஆளில்லை. கடைக்காரர் குகனும் நான்கு வாடிக்கையாளர்களும் தொலைக்காட்சியில் மூழ்கியிருக்கிறார்கள். பந்தைக் கையில் பிடித்து ஓடும் இந்த ஊர் ஃபுட்பாலில், அவர்களுடைய அணி இன்று புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிறது. பெயரை அறிவிக்கிறார்கள். கதவளவு அகலமான ஓர் இளைஞன் அணியின் தொப்பியைப் போட்டுப் பார்க்கிறான். அது தலையில் இறங்க மறுக்கிறது.

"உவன் பந்தையே தொடமாட்டான்," என்கிறார் குகன், செத்தவீட்டுக் குரலில். "எங்களுக்குப் பந்து பிடிக்கிற ஆளெல்லோ வேணும்."

"அப்ப இவருக்கு என்னங்க வேலை?" என்று கேட்கிறேன்.

குகன் சமையலறை வாசலை மறித்துக் கைகளை விரிக்கிறார். "நான் மறிக்கிறன் எண்டு வையுங்கோ. உவன் என்னை இடிச்சுத் தள்ளிப்போட்டு, பின்னால நிண்டு பந்து எறியிறவனை விழுத்தோணும். லேசில்லை, தம்பி."

வெளியிலிருந்து அவர் மனைவி வெங்காய மூட்டையைத் தோளில் சுமந்து வருகிறார். "விலகுங்கோ, பாரமாக் கிடக்கு."

கையை மடக்கக் குகனுக்கு நேரம் கிடைக்கவில்லை. மனைவி நடையைக் குறைக்கவுமில்லை. அடுத்த கணம் அவர் அடுப்படியில் இருக்கிறார்; குகன் மாவு மூட்டைகளின் மேல் கிடக்கிறார்.

கிடந்தபடியே தொலைக்காட்சியை ஒருமுறை பார்க்கிறார்.

"ஓம்," என்கிறார். "உப்பிடி ஒராள் தேவைதான்."