மூன்று வரிசை கூடிய மாந்தோப்பு

ராணுவப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு நான் படித்த லட்சணத்தைச் சொல்லி எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்பார்கள். அந்த ஒரு முறைதான் எழுத முடியும். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். பள்ளியே அச்சடித்த பழைய வினாத்தாள் புத்தகத்தை அப்பா எழுதிப்போட்டு வரவழைத்தார். கடைசிப் பக்கங்களில் விடைகளும் இருந்தன.

ராஜபாளையத்தில் எங்கள் சர்ச்சின் ஞாயிறு பள்ளியை நடத்தியவள் அம்மா. பிள்ளைகளை அதிகாரமும் வசனமும் பிசகாமல் ஒப்பிக்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்குத் தெரிந்த அதே வழியில் என்னையும் தயார் செய்தாள்.

"ரெண்டாம் தாள், பதினேழு" என்பாள்.

"தொண்ணூற்றாறு" என்பேன்.

ஒரே மாதத்தில் புத்தகம் முழுவதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சித்தப்பா வந்தார். அங்கே கோர்ட்டில் டைப்பிஸ்ட். நான் ஒப்பித்ததைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பதினேழாவது கணக்கில், பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு மாமரம். அவர் அதைப் பதினைந்து வரிசையாக்கி, மொத்தம் எத்தனை என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. தொண்ணூற்றாறு என்றேன்.

"ஏட்டி, மூணு வரிசை கூடியிருக்கு. ஒரு மரங்கூடவா கூடலை?"

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அவள் புத்தகத்தை மூடி அவர் கையிலேயே வைத்தாள்.

"கொண்டுபோயிருங்க தம்பி. இங்க இருந்தா இவ இதைத்தான் ஒப்பிப்பா."

நான் அழுது புரண்டேன். அதன் பிறகு சித்தப்பா சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்தார். கோர்ட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைப் செய்த தாள்கள் அவர் பையில் இருக்கும். கணக்குகள் புத்தகத்தில் உள்ளவைதான். எண்களை மட்டும் மாற்றியிருப்பார். ரயில்களைத் தேவதானத்துக்கும் சுந்தரபாண்டியத்துக்கும் ஓடும் பஸ்களாக்கியிருப்பார். அம்மா ஒவ்வொரு கணக்கையும் எனக்கு முன்பே தனி நோட்டில் போட்டுப் பார்ப்பாள். நான் தப்பாகப் போட்டால் விடையைச் சொல்ல மாட்டாள். "திரும்பப் போடு" என்பாள், அவ்வளவுதான். அன்று இருவரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். இன்று நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தேர்ச்சி பெற்றேன். ராணுவப் பள்ளியிலேயே தங்கிப் படிக்க வேண்டும் என்று எல்லோரும் பேசியது என் காதில் விழாமல் இல்லை. ஆனால் தேர்வு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அம்மா பச்சை நிறத் தகரப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். மூடியில் வெள்ளைப் பெயின்டில் என் பெயர். பாஸானதற்குப் பரிசு என்று எண்ணித் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவளும்தான் எல்லாக் கணக்கும் போட்டாள், அவளுக்கு ஒன்றும் இல்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"உனக்கும் ஒரு பெட்டி வாங்கியிருக்கலாம்லம்மா?"

அம்மா என் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"நான் எங்கட்டி போகப்போறேன்?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. காலியாக இருந்த பெட்டிக்குள் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் உள்ள கொள்ளுதேன் பாரும்மா" என்றேன்.