குகட்பள்ளியில் ஒரு கட்டுமரம்

அருங்காட்சியகப் பொறுப்பாளர் வேலை என்பது, யாராவது வருவார்களா என்று பயப்படுவதும், வந்தவர் எதைத் தொடுவாரோ என்று பயப்படுவதும்தான். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஹைதராபாத்தின் குகட்பள்ளியில், எங்கள் தமிழ்ச் சங்கக் கட்டடத்தில் மாடியில் ஓர் அறை; அதுதான் எங்கள் அருங்காட்சியகம். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள் கொடுத்த வலை, துடுப்பு, கருவாட்டுக் கூடை, நடுவில் ஒரு கட்டுமரம். கம்ப்யூட்டர் வகுப்புக்கு அந்த அறையைக் கேட்டு ஒருவர் நச்சரித்துக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர் தாமோதரன், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலிக் கூடை

கூடையைச் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் பக்கத்துக் கூடத்தில் சீமந்தம் நடத்தியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விஷயம் செயலாளர் காதுக்குப் போய்விடுமே என்ற பதற்றத்தில், கூடையைக் கவிழ்த்தே காட்டினேன். அந்த வீட்டு அம்மாள் நிதானமாகச் சொன்னார்: "உங்களைத் தப்பு சொல்லல சார். ஒண்ணும் இல்லாததுக்கே இப்படின்னா, இருந்தப்போ எப்படி இருந்திருக்கும்னுதான் யோசிக்கறேன்."

பந்தி

சனிக்கிழமை அதே கூடத்தில் பிறந்தநாள் விழா. டீ குடித்துவிட்டு வந்தால், சாஃப்ட்வேர் பையன்கள் கட்டுமரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிறார்கள். எழுந்திருக்கச் சொல்லிக் கத்தினேன். மரியாதையாக எழுந்தார்கள். ஒருவன் சிந்தியதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுச் சொன்னான்: "சாரி அங்கிள், பெஞ்சுன்னு நெனச்சோம். முதுகு சாய ஏதாவது வெச்சா இன்னும் நல்லா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை

கட்டுமரத்தைக் கொடுத்த அந்தோணிசாமி, ஊரிலிருந்து இங்கே மகன் வீட்டுக்கு வந்திருந்தவர், மகனோடு காலையிலேயே வந்துவிட்டார். செயலாளரிடம் இவரைக் காட்டலாம் என்று எனக்குத் தெம்பு வந்தது. அவர்களை மாடியில் விட்டுவிட்டு, செயலாளரை அழைத்துவர வாசலுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் கட்டுமரத்தைக் காணோம். கயிறு சுருட்டி வைத்திருந்தது. மரங்கள் தனித்தனியாகச் சுவரோரம் கிடந்தன. கரை ஏறினால் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவதுதான் அவர்கள் வழக்கமாம். கட்டியே கிடந்ததைப் பார்க்க அந்தோணிசாமிக்கு மனசு கேட்காமல், மகனோடு சேர்ந்து அவிழ்த்துவிட்டார்.

தாமோதரன் காலியான தரையில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். இந்த ஊர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர் அல்லவா, சந்தோஷம் வந்தால் ஹைதராபாத் பாஷைதான் வரும். என் தோளில் தட்டினார்: "டென்ஷன் நக்கோ சார், கவலையே வேணாம். இப்படி அவுத்து வெக்கலாம்னு முன்னாடியே சொல்ல வேணாமா? பாதி ரூம் உங்களுக்குப் போதும், மீதியில கம்ப்யூட்டர் க்ளாஸ் வெச்சுக்கலாம்."

இப்போது எங்கள் கடற்கரை அரை அறையில் இருக்கிறது. அதுவும் போய்விடுமோ என்று பயப்படும் வேலை மட்டும் முழு நேரம்தான்.