மேனேஜரின் எடை

அந்தக் கோழி லாரியிலிருந்து விழுந்தது. முட்டை வற்றிய கோழிகளைக் கூண்டு கூண்டாக ஏற்றிக்கொண்டு வந்த வண்டி எடைமேடையில் ஏறி நின்றது. உடைந்த கம்பி வழியாக ஒரு வெள்ளைக்கோழி நழுவி, தொப்பென்று தரையில் விழுந்து, உதறிக்கொண்டு எழுந்து, நேராக எடை போடும் அறைக்குள் நடந்து போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. டிரைவர் சன்னலில் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, அதைப் பிடிச்சுக் குடுங்க."

"அது விழுந்த பிறகுதான் சீட்டு அடிச்சேன். சீட்டுல இல்லாத கோழி உங்க கோழி இல்ல, போங்க," என்றாள் அம்மா.

டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். கோழி தங்கிவிட்டது.

அந்த எடைமேடையில் அம்மா இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். ஒரு லாரி முழுசாக ஏறி நிற்கிற அளவுக்கு இரும்பு மேடை. அதன் பக்கத்தில் ஒரு சன்னலும் ஒரு மின்விசிறியும் உள்ள அறை. மேசை மேல் எண் காட்டும் பெட்டி, சீட்டு அடிக்கும் கருவி. வெறும் வண்டி ஓர் எடை, சுமையோடு ஓர் எடை, கழித்தால் சரக்கு. வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தக் கழித்தலுக்குள் எத்தனை தில்லுமுல்லு புகும் என்பது அவளுக்குத்தான் தெரியும். காலி எடைக்கு இறங்கி நிற்கிற டிரைவர் சுமை எடைக்கு நைசாக ஏறி உட்காருவார். அம்மா சன்னல் வழியே தலையை நீட்டுவாள்.

"என்ன அண்ணே, எண்பது கிலோ கூடியிருக்கே. மாமியார் வீட்டு விருந்தா?"

"இல்லக்கா, கவலை."

"கவலையைக் கீழ இறக்கி வெச்சுட்டு வாங்க. இங்க சரக்கை மட்டும்தான் எடை போடுவோம்."

மகளுக்கு ஏழு வயதிருக்கும்போதே கணவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா எந்த மனிதரின் வாக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. பெட்டியில் எரிகிற சிவப்பு எண்ணை எடுத்துக்கொண்டாள். அந்த எண்ணை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள். மகள் டயாலிசிஸ் டெக்னீஷியன் ஆனாள். ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத் தூரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை.

கோழிக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவர்கள் டிரைவர்கள். கழுத்தை முன்னால் நீட்டி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு மூலையையும் உற்றுப் பார்த்து, ஒன்றும் செய்யாமல் போய் உட்காரும். நிஜ மேனேஜர் மாதத்துக்கு ஒருமுறை வந்தால், "சார், உங்க சீட்டு காலியில்ல" என்பாள் அம்மா. அவருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஓய்வு பெற்ற அன்று அம்மா ஒரு கையில் சுவர்க் கடிகாரமும் மறு கக்கத்தில் கோழியுமாக வீடு வந்து சேர்ந்தாள். ஒன்றரை அறை வீடு. பின்னால் துணி துவைக்கிற கல் கிடக்கும் சின்ன முற்றம். கோழிக்கு அது போதும்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் கோழி தீனிக்கு எழுந்து வரவில்லை. தட்டைக் கிட்டே வைத்தால் உட்கார்ந்தபடியே கொத்தியது. தூக்கி நிறுத்தினால் இரண்டடி நடந்து, கால் மடங்கி உட்கார்ந்தது.

அம்மா பழைய துண்டொன்றில் கால் நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டை வெட்டினாள். துண்டின் நான்கு முனைகளையும் பிளாஸ்டிக் கூடையின் விளிம்பில் கட்டி, கோழியை அதில் தொங்கவிட்டாள். பாதம் மட்டும் கூடையின் அடியைத் தொடும். காலை மாலை வெந்நீர் ஒத்தடம். கால்களைப் பிடித்துச் சைக்கிள் மிதிப்பதுபோல் மடக்கி நீட்டுவாள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து அலகோரத்தில் சொட்டு சொட்டாக விடுவாள். சமையலறைத் தராசில் கூடையோடு வைத்து, கூடையின் எடையைக் கழித்து, தினமும் ஒரு நோட்டில் எழுதினாள். முதல் நாள் ஆயிரத்து ஐந்நூற்று இருபது கிராம். ஒரு வாரத்தில் ஆயிரத்து அறுநூறு. இன்னொரு வாரத்தில் ஆயிரத்து எழுநூற்று அறுபது.

மகள் சாயங்காலம் போன் செய்தாள். வார்டில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேனேஜர் எப்படி இருக்காரும்மா?"

"கால்தான் சரியில்ல. ஆனா எடை ஏறுதுடி. சாகப்போற கோழி எடை ஏறுமா? தேறிடும்."

"அப்பச் சரி. நீ எப்படி இருக்கே?"

"எனக்கென்ன? நானும்தான் ஏறிட்டேன். ரெண்டு மாசத்துல அஞ்சு கிலோ. வேலைவெட்டி இல்லாம உட்கார்ந்து தின்னா வேற என்ன ஆகும்?"

"நல்லாத் தின்னு. இத்தனை வருஷம் காத்தையே தின்னுட்டிருந்தே," என்று மகள் சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் ஆறு நோயாளிகளை எடை மேடையில் ஏற்றியிருந்தாள். கூடியிருந்த ஒவ்வொரு கிலோவும் உடம்பில் தேங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டு, அத்தனையையும் மெஷினில் வெளியேற்றியிருந்தாள். பத்து வருடமாகச் செய்கிற வேலை. அம்மா சொன்ன ஐந்து கிலோ காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

மூன்றாவது வாரம் கோழி வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, செங்குத்தாக நிமிர்ந்து, மூச்சு வாங்க ஆரம்பித்தது. அம்மா அதைக் கூடையில் வைத்துப் பேருந்தேறி கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். மாடுகளும் நாய்களும் நிற்கிற வரிசை.

"பேரு?" என்றார் சீட்டு எழுதுகிறவர்.

"மேனேஜர்."

"உங்க வேலையைக் கேக்கலம்மா. கோழி பேரு."

"கோழி பேரைத்தான் சொல்றேன்."

டாக்டர் சின்ன வயதுக்காரர். கோழியின் கால்களை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஊசியைக் குத்தி இழுத்தார். மஞ்சளாக வந்தது. ஊசியைக் காலி செய்து மறுபடி இழுத்தார், மறுபடியும். முந்நூற்றைம்பது மில்லி ஆனது.

"கால்ல ஒண்ணுமில்லம்மா. சுமை தாங்கல, அவ்வளவுதான். முட்டை உண்டாகிற இடம் உள்ளே கெட்டுப்போயிருக்கு. இது சதை இல்ல, தண்ணி."

"எடை ஏறிச்சே?"

"ஏறினது தண்ணி. கோழி இளைச்சிருக்கு."

மேசையில் தராசு இருந்தது. அம்மா கேட்காமலேயே கோழியை எடுத்து அதில் வைத்தாள். ஆயிரத்து நானூற்றுப் பத்து. முதல் நாளைவிட நூற்றுப்பத்து கிராம் குறைவு. அவ்வளவு வருடமும் பிறர் ஏமாற்றுவதைக் கண்டுபிடித்தவள், வெறும் வண்டி கரைந்துகொண்டிருந்ததைச் சரக்கு ஏறுகிறதென்று நோட்டில் எழுதியிருந்தாள்.

"திரும்பவும் ஊறுமா?"

"ஊறும்மா. வந்தா எடுத்து விடறேன். எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்ததும் கோழி இறங்கி நடந்தது. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றது. அம்மா உடனே போன் செய்தாள்.

"நடக்குதுடி! கல்லு மேல ஏறி நிக்குது! அத்தனையும் தண்ணியாம். நான் பைத்தியக்காரி, சதை போடுதுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

மகள் அப்போது ஒரு நோயாளியின் அட்டையில் எடையை எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றது.

"அம்மா. உன் கால் எப்படி இருக்கு?"

"எங்க போகும்? இருக்கு."

"வீங்கியிருக்கா?"

"செருப்பு கொஞ்சம் பிடிக்குது. வயசாச்சில்ல."

"உட்காரு. கணுக்கால் மேல கட்டை விரலால அழுத்து. அஞ்சு எண்ணிட்டு எடு. குழி விழுதா?"

போனில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"விழுது."

"மேலே வருதா?"

"இன்னும் வரலடி."

மகள் அன்றைக்கே பேருந்து ஏறினாள். மறுநாள் அம்மாவை அம்மா இருந்த ஊரின் பெரிய மருத்துவமனையில் சேர்த்தாள். இதயம். ரொம்ப நாளாகவே பலவீனமாகிக்கொண்டு வந்திருந்தது. பத்து நாள் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டார். மகளுக்கு, அம்மா அந்த ஐந்து கிலோவைச் சொன்ன தேதியே தெரியும், எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பேசினாள் என்பதும் தெரியும்.

அம்மாவின் கவலையெல்லாம் கோழிதான். "தினம் காலையில எடை போட்டுட்டு வந்து சொல்லு. கூடையைக் கழிச்சுச் சொல்லு" என்றாள். மகள் காலையில் வீட்டுக்குப் போய்க் குளித்து, கோழிக்குத் தீனி வைத்து, எடை போட்டு, வந்து சொன்னாள். ஆயிரத்து நானூற்று முப்பது. நானூற்றுத் தொண்ணூறு. ஐந்நூற்று எண்பது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு முறை தண்ணீர் எடுத்தாள். ஆயிரத்து முந்நூற்று நாற்பது. அம்மா ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மனதுக்குள் கழித்துப் பார்க்கிறாள் என்று மகளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை கோழி கூடைக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மகள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். கைகழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

"எவ்வளவு?"

"ஆயிரத்து முந்நூத்தி நாப்பது."

அதற்கடுத்த நாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாளும் அதையே சொன்னாள். பொய்யாக ஓர் எண்ணை உண்டாக்க அவளால் முடியவில்லை. பார்க்காத அளவை எழுதாதே என்று முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடைசியாகத் தராசு காட்டிய எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வந்தது.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"மூணு நாளா ஒரே எடையா?"

"ஆமாம்மா."

"ஒரு கிராம் கூட மாறலியா?"

"இல்ல."

"தின்னா ஏறும், எச்சம் போட்டா இறங்கும். உசிரோட இருக்கிறது எப்படிடி ஒரே எடையில நிக்கும்?" அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "எப்பச் செத்துச்சு?"

"முந்தாநாள் காலையில."

"கஷ்டப்பட்டுச்சா?"

"நான் பார்க்கும்போது முடிஞ்சிருந்துச்சு."

கண்ணோரத்தில் வழிந்ததை அம்மா துடைக்கவில்லை. பிறகு, "இருபத்தாறு வருஷம் என்கிட்ட எத்தனை பேர் பொய் சொல்லியிருக்கான் தெரியுமா? உன்னை மாதிரி மட்டமாச் சொன்னவன் ஒருத்தன் இல்ல," என்றாள். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கிட்ட வா. இனிமே கேக்கறதுக்கு உள்ளதைச் சொல்லு. நான் எவ்வளவு இருக்கேன்?"

மருந்தில் உடம்பின் தண்ணீர் இறங்கிய பிறகு காலையில்தான் படுக்கையோடு எடை எடுத்திருந்தார்கள்.

"நாப்பத்தாறு."

"வேலையை விட்டப்போ அம்பத்திரெண்டு இருந்தேன்."

"ஆமா."

"வீட்டுக்கு வருவேனா?"

இனி மருந்து கேட்காது என்று டாக்டர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா, நீ வர மாட்டே."

அம்மா தலையை அசைத்தாள். சரியான சீட்டைக் கையில் வாங்கிக்கொள்கிறவர்களுக்கு வருகிற அமைதி அவள் முகத்தில் வந்தது. "தலையணையைக் கொஞ்சம் தூக்கி வை, மூச்சு முட்டுது," என்றாள். மகள் தூக்கி வைத்தாள்.

அதன் பிறகு நான்கு நாள் இருந்தாள். மூச்சு விடுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பேசினாள். கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்பதை அப்போதுதான் மகளிடம் சொன்னாள். மகள் பிறந்த அன்று பெய்த மழையைச் சொன்னாள். அந்த ஐந்து கிலோவைப் பற்றி மகள் ஒருமுறை ஆரம்பித்தாள்.

"அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்மா."

"கேட்டிருக்கணும்தான்," என்றாள் அம்மா. இல்லை என்று சொல்லவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி தளரவில்லை. "நானும் சொல்லியிருக்கணும். பஸ் படி ஏறினா மூச்சு வாங்கிச்சு. கோழியைப் பார்த்துட்டிருந்தேன்."

வியாழக்கிழமை மத்தியானம், வெயில் கட்டில் கால் வரை வந்திருந்தபோது, அம்மா போய்விட்டாள். அந்த நேரம் அவள் கை மகளின் மணிக்கட்டில்தான் இருந்தது. மகள் அதை எடுக்காமல், நர்ஸ் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.