பத்தொன்பது குடும்பத்துக்கு அளந்த இடம்

நான் சர்வேயராக வேலைக்குச் சேர்ந்த வருஷத்தின் கடைசியில் சுனாமி வந்தது. அலை அடித்துப்போன மூன்றாம் நாள், என்னைப் போன்ற புது ஆட்களைக் கடலூர்க் கடற்கரைப் பக்கம் கணக்கெடுக்க அனுப்பினார்கள். கையில் ஒரு படிவம். குடும்பத் தலைவர் பெயர், கதவு எண், வீடு முழுச் சேதமா பகுதிச் சேதமா என்று கட்டம் கட்டமாக இருக்கும். குப்பத்தில் பாதிச் சுவர் மட்டும் நின்ற வீடுகளில் கதவு எண்ணைத் தேடி எழுதிக்கொண்டே போனோம்.

குப்பத்தைத் தாண்டி, சாலையோரம் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்த நரிக்குறவர்கள் பத்தொன்பது குடும்பம். கடற்கரைக்கு வருகிறவர்களிடம் பாசிமணி, ஊசி, சீப்பு விற்றுப் பிழைத்தவர்கள். தார்ப்பாயோடு பெட்டி, அடுப்பு, சரக்கு எல்லாம் போய்விட்டிருந்தது. ஒரு சவுக்குத் தோப்புக்குள் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"எங்களயும் எழுதிக்குங்க சார்."

"வீடு எங்க இருந்துது?" என்று கேட்டேன்.

அவள் கைகாட்டிய இடத்தில் சேறுதான் இருந்தது. என்னோடு வந்த சீனியர் என் தோளைத் தட்டினார். "வீடே இல்லாதவங்களுக்கு வீடு எப்படிப்பா சேதமாவும்? வா, போலாம்."

நான் போய்விட்டேன். எழுதவில்லை. எனக்கு வேலை புதுசு, சீனியர் சொன்னார் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் காலனியில் பிறந்தவன். அரசாங்கம் கொடுத்த பட்டா வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஊர்க்காரர்களின் வயல் வரப்பில் குடிசை போட்டுக்கொண்டு, அவர்கள் போ என்றால் போய், வா என்றால் வந்து வாழ்ந்தவர்கள். சொந்தமாக மூன்று சென்ட் கிடைத்த பிறகுதான் என் அப்பா நிமிர்ந்து பேச ஆரம்பித்தார் என்று அம்மா சொல்வாள். இதெல்லாம் தெரிந்தவன்தான் அந்தப் பெண்ணை எழுதாமல் போனேன்.

மூன்று வருஷம் கழித்து எனக்குச் சிதம்பரம் பக்கம் மாற்றல் வந்தது. மார்கழித் திருவிழா நேரம். கீழவீதியில் கூட்டத்துக்குள் நடந்துகொண்டிருந்தபோது, சாக்கு விரித்து மணி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கடலூர்ல எங்கள எழுதாம போன சார்தானே நீங்க?"

அதில் கோபமே இல்லை. சொந்தக்காரரை அடையாளம் கண்டு கேட்பது போலக் கேட்டாள். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. அவர்கள் எல்லோரும் இப்போது சிதம்பரத்தில் ரயிலடிக்குப் பக்கத்துப் பொட்டலில் இருப்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறிக் கடலூர் போய்க் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து வருகிறாளாம். "எத்தன மனு குடுத்திருப்ப?" என்றேன். "அத எண்றத விட்டுட்டேன் சார். போறது மட்டும் விடல."

அந்தச் சமயம் நரிக்குறவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தார்கள். அடையாள அட்டை கொடுத்தார்கள். வீட்டுமனை, வீடு, படிப்பு எல்லாம் வரப்போவதாகப் பேச்சாக இருந்தது. அவளுடைய மனுவும் எப்படியோ நகர்ந்தது. பத்தொன்பது குடும்பத்துக்கும் ஆளுக்கு மூன்று சென்ட் மனைப்பட்டா கொடுக்க உத்தரவு வந்தது. கடலூர் சாலையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஏரிக்கரையை ஒட்டி அரசாங்கத்துக்குச் சொந்தமான மேட்டு நிலம் இருந்தது. அளந்து கல் நட்டவன் நான்தான்.

பட்டா வழங்கும் விழாவை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தார்கள். அவள் புதுசாக ஒரு நூல் புடவை கட்டி, தலையை வாரிப் பின்னி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். விழா ஏற்பாடு செய்த அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? போட்டோவுல யாருன்னே தெரியாது. போ, போயி மணியெல்லாம் போட்டுக்கிட்டு வா."

அவள் விற்கக் கொண்டுவந்திருந்த மூட்டையைப் பிரித்து நாலைந்து மாலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து "சாமியோவ்!" என்று ராகம் போட்டுக் கூப்பிட, கூட்டம் சிரித்தது. பட்டா வாங்க வந்தவர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் போட்டோ மறுநாள் பேப்பரில் வந்தது.

பட்டாவோடு இடத்துக்குப் போனவர்களை ஊர் எல்லையிலேயே மறித்துவிட்டார்கள். நான் நட்ட கற்களில் ஒன்றுகூட இல்லை. நிலம் முழுக்கச் சவுக்கங்கன்று நட்டுத் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஊரில் செல்வாக்கான ஒருவருடைய வேலை அது. தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். என்னையும் வரைபடத்தோடு வரச் சொன்னார்கள்.

ஊர்க்காரர்கள் ஒன்பது பேருக்கும் நாற்காலி. நரிக்குறவர்களைக் கதவோரம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்து வருவாய் ஆய்வாளர், "உக்காரும்மா, ஏன் நிக்கிற?" என்றார்.

"நாற்காலி இருந்தா உக்காருறேன் சார்."

யாரும் நாற்காலி கொண்டுவரவில்லை. அவள் கூட்டம் முடியும்வரை நின்றாள்.

செல்வாக்கான மனிதர் குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "எங்களுக்கு யார் மேலயும் விரோதம் கெடயாது. ஆனா அவுங்க பழக்கவழக்கம் வேற, எங்க பழக்கவழக்கம் வேற. பொம்பளப் புள்ளைங்க நடமாடற எடம்."

"எங்களுக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்குது," என்றாள் அவள், தாசில்தார் பக்கம் திரும்பி. "ரோட்டுல படுக்க வச்சிட்டு முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம். நாங்க புதுசா எதுவும் கேக்கல. எங்க பேர்ல நீங்களே குடுத்த எடத்த வுடச் சொல்லுங்க."

தாசில்தார் என்னைப் பார்த்தார். "சவுக்கு நட்டிருக்கறது அரசாங்க நிலத்திலதான் சார்," என்று வரைபடத்தைக் காட்டினேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசாங்க நிலத்தை மடக்கியவரைக் காலி செய்யச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பட்டா வைத்திருந்தவர்களுக்குத்தான் மாற்று இடம் பார்க்கலாம் என்று முடிவானது. சட்டம் ஒழுங்கு கெடக்கூடாதாம். ஒழுங்கைக் கெடுத்தவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

மாற்று இடம் பார்க்க ஏழெட்டு மாதம் ஆனது. கடைசியில் அது என் மாமியார் ஊர்க் காலனிக்குப் பின்புறம் வந்து நின்றது. உத்தரவைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம். நம் ஆட்கள் பக்கத்தில் இருந்தால் இவர்களை யாரும் விரட்ட மாட்டார்கள் என்று நம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலனிக்கு அவர்தான் பஞ்சாயத்து வார்டு மெம்பர்.

"மச்சான், அளக்கறது நீங்கதானாமே? எதனா சொல்லித் தள்ளி வுடுங்க. பள்ளமான எடம், அது இதுன்னு எழுதுங்க."

"ஏன்?"

"ஏன்னு கேக்கறீங்க? இப்பதான் நம்ம புள்ளைங்க காலேஜுக்குப் போவுது, வேலைக்குப் போவுது. நாலு பேரு மதிச்சு வூட்டுக்கு வர்றான். பக்கத்துல நரிக்கொறவன கொண்டாந்து வச்சா எவன் வருவான்?"

"நாம ஊருக்குப் பக்கத்துல வரக்கூடாதுன்னு சொன்னவன் இதே பேச்சத்தானே பேசுனான்?" என்று கத்தினேன்.

"அவனும் நாமளும் ஒண்ணா?" என்றார். யாரை 'அவன்' என்கிறார் என்று நான் கேட்கவில்லை. சாப்பாடு எடுத்து வைத்த தட்டை அப்படியே விட்டு எழுந்து போனார். என் மனைவி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அண்ணன் சொன்னது தப்புதான். ஆனா நீங்க வேற யாரயாவது வுட்டு அளக்கச் சொல்லியிருக்கலாம்" என்றாள். வேறு யாராவது என்றால் பள்ளம் என்று எழுதியிருப்பார்கள்.

அளக்கப் போன அன்று அளவுச் செயின் பிடிக்கிற ஆள் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று தகவல். காலனியிலிருந்தும் ஒருவர் உதவிக்கு வரவில்லை. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எனக்கு மாமா முறை, சித்தி முறை ஆகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவள் வந்து செயினின் மறுமுனையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எங்க புடிக்கணும்னு சொல்லுங்க சார்." வெயிலில் முள்ளுக்குள் இறங்கி, நான் சொன்ன இடத்திலெல்லாம் இழுத்துப் பிடித்தாள். மற்றப் பெண்கள் கல் சுமந்தார்கள். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது மனையும் பிரித்துவிட்டோம். இந்தத் தடவை கற்களை இரண்டடி ஆழத்துக்குப் புதைக்கச் சொன்னேன்.

வீடு கட்ட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் தவணையில் பதினோரு வீடு, மீதி அடுத்த வருஷம் என்றார்கள். கட்டி முடித்ததைப் போய்ப் பார்த்தேன். மேலே கான்கிரீட் தளம் போட்டிருந்தது, அது உண்மை. ஜன்னலுக்குக் கதவில்லை. கழிப்பறைக்கு நாலு பக்கமும் சுவர் எழுப்பியவர்கள் உள்ளே குழி தோண்டவில்லை. காண்ட்ராக்டரைக் கேட்டேன். "இவங்க எங்க சார் அதுலெல்லாம் போவப்போறாங்க? ஆடு கட்டுவாங்க" என்றார். அதையே ஒரு அறிக்கையாக எழுதி மேலே அனுப்பினேன். சர்வேயருக்குக் கட்டட விஷயத்தில் என்ன வேலை என்று விளக்கம் கேட்டு எனக்குத்தான் மெமோ வந்தது.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். காலனியின் கடைசிக் குழாயிலிருந்து அவர்களுடைய முதல் வீட்டுக்கு நாற்பதடிகூட இருக்காது. அந்த நாற்பதடிக்குப் பைப் போடவில்லை. பஞ்சாயத்தில் தீர்மானம் வேண்டும் என்றார்கள். தீர்மானம் என் மச்சானின் வார்டிலிருந்து வர வேண்டும். வரவில்லை. காலனிக் குழாயில் எல்லோரும் பிடித்து முடித்த பிறகு பிடிக்கலாம் என்று இவர்களுக்கு ஒரு நேரம் ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் காற்றுதான் வரும்.

தானே புயல் அடித்த அன்று காலனியில் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் ஒன்றும் மிஞ்சவில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு கிடந்த அந்தக் காலையில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காலனிப் பெண்கள் பின்பக்கத்து நரிக்குறவர்களின் கான்கிரீட் வீடுகளுக்குத்தான் ஓடினார்கள். என் மச்சான் மனைவியும் போனாள். நாலு நாள் அங்கேதான் சமைத்துச் சாப்பிட்டார்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கூரை மாற்றி முடித்ததும் பழையபடி குழாயடியில் கடைசி நேரம்தான் அவர்களுக்கு.

புயல் முடிந்து வந்த கோடையில், ஒரு காலை பத்து மணிக்கு, அவளும் இன்னும் ஆறு பெண்களும் கடப்பாரை, மண்வெட்டியோடு வந்து பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் பைப்பை அவர்களே சிதம்பரத்திலிருந்து பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மச்சான் போலீஸுக்குப் போன் செய்தார். அவள் எனக்குப் போன் செய்தாள். நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனபோது சப்-இன்ஸ்பெக்டர், "பஞ்சாயத்துப் பொதுச்சொத்த சேதப்படுத்தறீங்க, எல்லாரும் வண்டியில ஏறுங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த எடத்துல தோண்டறாங்களோ அது அரசாங்கப் பாதை சார். காலனிக்காரங்களோடதும் இல்ல, யாரோட சொந்த எடமும் இல்ல. இதோ பாருங்க," என்று வண்டியின் பானெட்டில் வரைபடத்தை விரித்தேன். மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குழாயில கைவைக்கறாங்களே?"

"குடிக்கத்தான் சார்," என்றாள் அவள், மண்வெட்டியைக் கீழே வைக்காமல். "ஏத்தறதுன்னா ஏத்துங்க. ஆனா எங்கள ஏத்துறதுக்கு முன்னால தண்ணிய யாரு வுடாம வச்சிருக்காங்கன்னும் எழுதிக்குங்க."

அப்போது வேலியைத் தள்ளிக்கொண்டு என் மச்சான் மனைவி வந்தாள். கீழே கிடந்த ஒரு கூடையை எடுத்து மண்ணை அள்ளி ஓரமாகக் கொட்டினாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "மெம்பர் சார், இத நீங்களே பேசி முடிச்சுக்குங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் தண்ணீர் வந்தது. முதலில் சேறாக, அப்புறம் தெளிவாக. அவள் முகம் கழுவிக்கொண்டு, ஒரு சொம்பு பிடித்து எனக்கும் கொடுத்தாள். மீதி எட்டு வீடுகள் எப்போது வரும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

அடுத்த மாதம் மேலிடத்துக்குப் போக வேண்டிய முன்னேற்ற அறிக்கை, மனை அளந்தவன் என்ற முறையில் என் மேஜைக்கும் கையெழுத்துக்காக வந்தது. 'நரிக்குறவர் குடியிருப்புக்குக் குடிநீர் வசதி செய்து தரப்பட்டது' என்று அதில் ஒரு வரி. கீழே 'பத்தொன்பது பயனாளிகளுக்கும் வீடுகள் வழங்கப்பட்டன' என்று இன்னொரு வரி. பதினொன்று என்று திருத்தி, தண்ணீர் பற்றிய வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். சுத்தமாகத் தட்டச்சு செய்த புதுப் பிரதியில் பழைய இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன. அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறு ஒருவர் போட்டார். எனக்கு அந்த வருஷமே மங்கலம்பேட்டைப் பக்கம் மாற்றல் ஆனது.