பாராடாங்கில் சுற்றிய சைக்கிள் ட்யூப்

எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். கோழிக்கோட்டில் ஓட்டல் வேலை, விசாகப்பட்டினத்தில் கிரேன் ஹெல்பர், அப்புறம் கப்பலேறி அந்தமானின் போர்ட் பிளேர். இங்கே லாரி டிரைவராகி, வடக்கே மாயாபந்தருக்கு சிமெண்ட் கொண்டுபோனேன்.

இந்த ரோட்டில் ஒரு விஷயம் உண்டு. ஜிர்காடாங் கேட்டிலிருந்து படகுத்துறை வரை ஜாரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகள் போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் வரிசையாக, கான்வாயாகத்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. அதனால் சில்லறை ரிப்பேரையெல்லாம் காட்டுக்குள் நுழையும் முன்பே முடித்துக்கொள்வோம்.

எங்கள் முதலாளி திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. டிரைவர்களில் ஒருவன் பெங்காலி எழுதுவான், ஒருவன் தெலுங்கு, நான் தமிழ். வண்டியின் கோளாறை எல்லோருக்கும் புரியும்படி குறித்துக் கொடுக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். லாரியின் படத்தை ஜெராக்ஸ் போட்டுக் கட்டாக வைத்திருந்தார். வண்டியை ஷெட்டில் விடும்போது எங்கே கோளாறோ அங்கே ஒரு பெருக்கல் குறி. குறியே இல்லாத தாளைக் கொடுப்பதில் எனக்கு ஒரு மிதப்பு.

ஒருமுறை திரும்பி வருகையில், காட்டுக்கு அக்கரையில் இருக்கும் பாராடாங்கில் படகுக்குக் காத்திருந்தபோது ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகியது. சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றினேன், தண்ணீர் ஊற்றினேன். போர்ட் பிளேர் வரை ஒரு சொட்டு விழவில்லை. வழக்கம்போல வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் அதே வண்டியை எடுத்தவன் பிஸ்வாஸ். பாதிக் காட்டில் ட்யூப் அவிழ்ந்து, டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. முன்னால் போலீஸ் ஜீப், பின்னால் பஸ். நிறுத்தப் பயந்து ஓட்டியிருக்கிறான். படகுத்துறையில் நின்றபோது சூட்டில் ஹெட் கேஸ்கெட் போய் இஞ்சினே நின்றுவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கோபம் வந்தால் அண்ணாச்சிக்கு இந்தியும் நெல்லைத் தமிழும் கலந்துவிடும்.

"க்யா ரே, முள்ளு செவப்புல நிக்கது தும்கோ திக்கா நஹி? சாவியக் குடுத்துட்டு கர் ஜா!"

முள்ளைப் பார்க்கவில்லையா, வீட்டுக்குப் போ என்று பிஸ்வாஸை விரட்டினார். அவன் அந்த மாதம்தான் வாடகைக்கு வீடு பிடித்து மனைவியையும் பிள்ளையையும் அழைத்து வந்திருந்தான். சாவியை நீட்டிவிட்டான். நான் பேசாமல் இருந்தால் அவன் வேலை போகும். பேசினால் என் வேலை.

"அண்ணாச்சி, ஹோஸு முந்தின நாளே ஒழுகுச்சு. நான்தான் ட்யூப் சுத்துனேன். குறி போடல."

"ஏம்ல போடல?"

"ஒழுகல் நின்னுருச்சே அண்ணாச்சி."

"நின்னுச்சா! இப்ப இஞ்சினும்லா நின்னு கெடக்கு!"

மெக்கானிக் சிரித்துவிட்டான். பிஸ்வாஸ் சிரிக்கவில்லை. அண்ணாச்சி சாவியை அவன் பையிலேயே திரும்பப் போட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு மாசம் நீ இவனுக்குக் கிளீனர். போக இஷ்டம்னா அடுத்த கப்பல்ல போயிரு."

ஊர் மாறுவது எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் அந்தக் கப்பலை விட்டுவிட்டேன்.

தினமும் கேட்டில் கான்வாய்க்கு நிற்கும்போது பிஸ்வாஸ் என் பக்கம் திரும்பி இந்தியில் கேட்பான்: "தமிழ் பாய், எங்கேயாவது கட்டு போட்டு வெச்சிருக்கியா? இப்பவே சொல்லிடு. உள்ளே போனா நான் நிறுத்த முடியாது."

முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் இடது சீட்டில் உட்கார்ந்து அவன் பார்ப்பதற்கு முன்பே நான் முள்ளைப் பார்க்க ஆரம்பித்தேன். வழியில் கட்டிய கட்டு என்னை வீடு சேர்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அடுத்து ஏறுகிறவனிடம் சொன்ன பிறகுதான் அந்த ரிப்பேர் முடிகிறது.